குறைத்துக் காட்டிய வெப்பமானி: ஓர் உலங்குவானூர்தி எஞ்சினிடம் கற்றது

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் யாழ்ப்பாணத்தில் வளர்ந்தவர்களுக்கு உலங்குவானூர்தியைக் கண்ணால் காண்பதற்கு முன்பே காதால் தெரியும். "ஹெலி வருது" என்று யாராவது ஒருவர் சொன்னால் போதும். அடுப்பில் இருப்பது அடுப்பில் இருக்க, எல்லோரும் பதுங்கு குழிக்குள். அந்தச் சத்தத்துக்குப் பயந்து வளர்ந்த நான், கடந்த பல ஆண்டுகளாகக் கனடாவில் அதே சத்தத்தின் பக்கத்தில் நின்று சம்பளம் எடுக்கிறேன். வட ஒன்ராறியோவில் காட்டுத்தீக் காலத்தில் பறக்கும் சிறிய உலங்குவானூர்திகளின் எஞ்சின்களைப் பராமரிப்பதுதான் என் வேலை.

"எப்பிடியடா அதுக்குப் பக்கத்தில நிக்கிறாய்?" என்று ஊரில் கேட்காதவர்கள் இல்லை. அதற்கு நேரான பதில் என்னிடம் இல்லை. ஆனால் அந்த எஞ்சினுக்குள் பொருத்தப்படும் ஒரு சிறிய உணரியைப் பற்றியும், அதை நான் ஒருமுறை பிழையாகப் பொருத்தியதைப் பற்றியும் எழுத முடியும். எஞ்சின் வேலை கற்கும் நம் பிள்ளைகளுக்கு அது பயன்படக்கூடும்.

மண்ணெண்ணெயில் தொடங்கிய படிப்பு

1990 ஜூனில் போர் மீண்டும் தொடங்கிய பின் குடாநாட்டுக்குள் பெற்றோல் வருவது நின்றுபோனது. மின்சாரம் இல்லை. பற்றரிக்கும் தடை. அப்போது எங்கள் ஊர் மெக்கானிக்குகள் மோட்டார் சைக்கிள்களையும் தண்ணீர்ப் பம்புகளையும் மண்ணெண்ணெயில் ஓட வைத்தார்கள். காபரேற்றருக்குள் இரண்டு சொட்டுப் பெற்றோல் விட்டு உதைத்து எழுப்ப வேண்டும். எஞ்சின் சூடானதும் மண்ணெண்ணெய் ஆவியாகி எரியத் தொடங்கும். சூடு போதாவிட்டால் புகைத்து நின்றுவிடும். சூடு மிஞ்சினால் பிஸ்டன் இறுகிவிடும்.

என் பெரியப்பாவின் கராஜில் வெப்பமானி கிடையாது. எஞ்சின் தலையில் விரலால் தண்ணீர் தெறித்து, அது எவ்வளவு வேகமாகச் சீறுகிறது என்று பார்ப்பார். பிறகு புறங்கையைக் கிட்டக் கொண்டுபோவார். "தம்பி, கை பொய் சொல்லாது. நாங்கள்தான் அது சொல்லுறதைக் கேக்கிறேல்லை" என்பார். எனக்கு அப்போது பத்து வயது. அது எஞ்சினைப் பற்றிய பாடம் என்று மட்டுந்தான் நினைத்தேன்.

பிற்காலத்தில் உலங்குவானூர்தி எஞ்சினைப் படிக்கப் போனபோது முதலில் என்னைச் சிரிக்க வைத்தது அதன் எரிபொருள். ஜெற் எரிபொருள் என்பது கவனமாகச் சுத்திகரிக்கப்பட்ட மண்ணெண்ணெய்தான். நாங்கள் குழிக்குள் இருந்தபோது, எங்கள் குப்பி விளக்கில் எரிந்த எண்ணெயின் உறவுக்காரன்தான் மேலேயும் எரிந்துகொண்டிருந்தது.

தோளில் தூக்கக்கூடிய எஞ்சின்

நான் அதிகம் வேலை செய்தது பெல் 206 வகையில். அதற்குள் இருப்பது அலிசன் 250 குடும்பத்து எஞ்சின். அலிசன் நிறுவனத்தை 1995இல் றோல்ஸ் றொய்ஸ் வாங்கிய பின் அது எம்250 என்ற பெயரில் அறியப்படுகிறது. 30,000க்கும் மேற்பட்டவை செய்யப்பட்டிருக்கின்றன. சி20 என்ற வகையின் எடை ஏறக்குறைய 72 கிலோகிராம். வளர்ந்த ஓர் ஆளின் எடைதான். ஆனால் அது தரும் வலு 400 குதிரை வலுவுக்கும் மேல்.

அதன் அமைப்பு கொஞ்சம் விசித்திரமானது. முன்பக்கத்தில் உள்ள அமுக்கி காற்றை உறிஞ்சி நெருக்குகிறது. அந்தக் காற்று இரண்டு பக்கக் குழாய்களால் எஞ்சினின் பின்முனைக்குப் போகிறது. அங்கே எரியறை. ஒரேயொரு எரிபொருள் நாசி, ஒரேயொரு பொறிமூட்டி. எரிந்த வாயு திரும்பி முன்நோக்கிப் பாய்கிறது. வழியில் முதலில் அமுக்கியைச் சுழற்றும் டர்பைன், அடுத்து விசிறிகளுக்கு வலு கொடுக்கும் டர்பைன். அதன்பின் எஞ்சினின் நடுவிலிருந்து இரண்டு குழாய்கள் வழியாக மேலே வெளியேறுகிறது.

முதல் டர்பைன் முழு வேகத்தில் நிமிடத்துக்கு ஏறக்குறைய 51,000 முறை சுழல்கிறது. அந்த வேகத்தில் அதன் சிறிய இதழ் ஒவ்வொன்றையும் வெளிநோக்கி இழுக்கும் விசை மிகப் பெரியது. வாயுவோ இரும்பைச் செந்தணலாக்கும் சூட்டில் இருக்கிறது. நிக்கல் கலப்புலோகம் இதைத் தாங்கும், ஆனால் ஓர் எல்லை வரைதான். அந்த எல்லைக்கு மேலே போனால் அது உடனே உருகுவதில்லை. பனங்கட்டிப் பாகை நூலாக இழுப்பதுபோல மிக மெதுவாக, கண்ணுக்குத் தெரியாமல் நீளத் தொடங்கும். ஒருமுறை நீண்டது ஆறிய பின்னும் பழைய அளவுக்குத் திரும்பாது. சூடு கூடக் கூட அந்த நீட்சி பல மடங்கு வேகமாகும். நீண்ட இதழ் உறையில் உரசலாம், வெடிக்கலாம், ஒடியலாம்.

அதனால் விமானிக்கு முன்னால் உள்ள மானிகளில் மிக முக்கியமான ஒன்று வெப்பநிலை காட்டும் மானி. சி20 எஞ்சின் பொருத்திய பெல் 206 வகையில் தொடர்ந்து பறக்க அனுமதிக்கப்பட்ட உச்சம் 738 பாகை செல்சியஸ். மேலெழும்பும் நேரத்தில் 5 நிமிடங்களுக்கு 810 பாகை வரை போகலாம். எஞ்சினை எழுப்பும்போது 810க்கும் 927க்கும் இடையில் 10 செக்கன்கள் மட்டும். 927ஐ ஒரு செக்கன் மட்டுமே தொடலாம்.

எஞ்சினை எழுப்பும் அந்த அரை நிமிடந்தான் மிகவும் ஆபத்தானது. ஸ்ராட்டர் மோட்டார் அமுக்கியைப் போதிய வேகத்துக்குக் கொண்டுவந்த பிறகுதான் விமானி எரிபொருளைத் திறக்க வேண்டும். மிதமான காலநிலையில் அது ஏறக்குறைய 15 சதவீத வேகம். பற்றரி பலவீனமாக இருந்து வேகம் ஏறாமல் எரிபொருள் மட்டும் போனால், குளிர்விக்கக் காற்று இருக்காது. சில செக்கன்களில் டர்பைன் கருகிப்போகும். அந்த நேரத்தில் விமானியின் கண் மானியில், கை த்ரொட்டிலில். மானி சொல்வதை நம்பித்தான் அந்தக் கை அசையும்.

இரண்டு வயர்களும் ஒரு முடிச்சும்

800 பாகைச் சூட்டுக்குள் என்ன வெப்பமானியை வைப்பது? கண்ணாடியும் பாதரசமும் அங்கே நிற்காது. உயர்தர பௌதிகவியல் படித்தவர்களுக்கு விடை தெரிந்திருக்கும். அதுதான் வெப்பவிணை. 1821இல் தோமஸ் சீபெக் கண்ட விளைவு அது. இரண்டு வெவ்வேறு உலோக வயர்களின் முனைகளை ஒன்றாக இணைத்து, அந்த முடிச்சைச் சூடாக்கி, மறுமுனைகளைக் குளிராக வைத்தால் ஒரு சிறிய மின்னழுத்தம் பிறக்கும். சூட்டு வித்தியாசம் கூடினால் அதுவும் கூடும். வெளியிலிருந்து மின்சாரம் தேவையில்லை. பற்றரியே செத்தாலும் முடிச்சு தன் வேலையைச் செய்யும்.

எஞ்சின்களில் வரும் சோடி குறோமெல், அலுமெல் என்ற இரண்டு நிக்கல் கலப்புலோகங்கள். ஒவ்வொரு பாகைக்கும் ஏறக்குறைய ஒரு வோல்ட்டின் 10 இலட்சத்தில் 41 பங்கு கிடைக்கும். 738 பாகையில் ஏறக்குறைய 30.7 மில்லிவோல்ட், 810 பாகையில் 33.7 மில்லிவோல்ட். பாதுகாப்புக்கும் அபாயத்துக்கும் இடையிலுள்ள தூரம் வெறும் 3 மில்லிவோல்ட். ரோச் பற்றரி ஒன்று தருவது 1,500 மில்லிவோல்ட் என்பதை நினைத்துப் பாருங்கள்.

இந்த எஞ்சினில் நான்கு முனைகள், இரண்டு டர்பைன்களுக்கும் இடையிலுள்ள வாயுப் பாதையில் சுற்றிவர நிற்கின்றன. எரியறையின் வாசலில் வைக்கலாமே என்று கேட்கலாம். அங்கே சூடு இன்னும் அதிகம், முனைகள் நீண்ட காலம் தாக்குப்பிடிக்கா. அதனால் முதல் டர்பைனைத் தாண்டிய இடத்தில் அளந்து, முன்னால் என்ன நடக்கிறது என்பதை அறிகிறோம். நான்கும் சமாந்தரமாக இணைக்கப்பட்டிருப்பதால் மானி காட்டுவது சராசரி. எரிபொருள் நாசி அழுக்காகி ஒரு பக்கம் மட்டும் கொதித்தாலும் சராசரி அதை முழுமையாகச் சொல்லாது. நான்கில் ஒன்று செத்தாலும் மானி நின்றுபோகாது. மற்ற மூன்றும் சேர்ந்து ஏதோ ஓர் எண்ணைக் காட்டிக்கொண்டேயிருக்கும்.

பொருத்தும் வேலை பார்வைக்கு எளிது. எஞ்சின் முழுதாக ஆறியிருக்க வேண்டும். பழைய கோர்வையைக் கழற்றும்போது எந்தத் துண்டும் உள்ளே விழக்கூடாது. புதிய கோர்வையின் ஒவ்வொரு முனையின் தடையையும் தனித்தனியே அளக்க வேண்டும். வயர் எஞ்சின் உடம்பில் எங்கும் உரசாமல் கவ்விகளால் பிடிக்க வேண்டும். மேற்காப்பு தேய்ந்து இரண்டு வயர்களும் வழியில் தொட்டுக்கொண்டால், தொட்ட இடமே புதிய முடிச்சாகிவிடும். மானி டர்பைனின் சூட்டை விட்டுவிட்டு அந்த இடத்துச் சூட்டைக் காட்டத் தொடங்கும். திருகாணிகளைக் கையேட்டில் சொன்ன அளவுக்குத்தான் இறுக்க வேண்டும். பெரும்பாலான விமான இணைப்புகளில் அலுமெல் முனையின் திருகாணி பெரிது, குறோமெல் முனையினது சிறிது. மாறிப் பூட்டாமல் இருக்கவே அந்த ஏற்பாடு. நிறமும் உண்டு. குறோமெல் வெள்ளை, அலுமெல் பச்சை.

அந்த நிறத்தை நம்பித்தான் நான் பிழைவிட்டேன்.

வெள்ளையும் பச்சையும்

சில ஆண்டுகளுக்கு முன், தீக்காலத்தின் நடுவில், ஒரு பெல் 206இன் வெப்பநிலை மானி தளம்பத் தொடங்கியது. சோதித்ததில் நான்கில் ஒரு முனை செத்திருந்தது. கோர்வை முழுவதையும் மாற்றினேன். எஞ்சின் அறையிலிருந்து விமானியின் அறைப்பக்கம் போகும் வயர்ச் சோடியும் ஓரிடத்தில் தேய்ந்திருந்தது. ஏறக்குறைய ஒரு மீற்றர் நீளத்தை மாற்ற வேண்டியிருந்தது. தட்டில் ஒரு சுருள் இருந்தது, ஒன்று வெள்ளை, ஒன்று பச்சை. வெட்டி, முனை நெரித்து, பூட்டினேன்.

அந்த வயரை வளைத்தபோது அது மெத்தென்று வளைந்தது நினைவிருக்கிறது. குறோமெல், அலுமெல் வயர்கள் அப்படி வளையாது, விறைப்பாக நிற்கும். கை சொன்னது. நான் கேட்கவில்லை. மாலை ஆகிவிட்டது, காலையில் ஹெலி போக வேண்டும்.

ஆறிய எஞ்சினில் மானி வெளிக்காற்றின் வெப்பநிலையைச் சரியாகக் காட்டியது. முனைகளைச் சோதனைக் கருவியால் சூடாக்கிப் பார்த்தேன். அதுவும் சரி. கையெழுத்திட்டேன். அடுத்த இரண்டு நாட்கள் விமானியும் மூன்று தீயணைப்பாளர்களும் அதில் பறந்தார்கள்.

இரண்டாம் நாள் மாலை விமானி சிரித்துக்கொண்டு வந்து, புதிய உணரி போட்டபின் எஞ்சின் நல்ல குளிராக ஓடுகிறது என்றார். அன்றிரவு பறப்புப் பதிவேட்டை எடுத்துப் பார்த்தேன். அதே உயரம், அதே வெளிவெப்பநிலை, அதே முறுக்குவிசை. முன்பைவிட 50 பாகைக்கு மேல் குறைவு. செத்த முனையால் பழைய எண் பிழையாக இருந்திருக்கும் என்று மனதுக்குச் சமாதானம் சொல்லிப் பார்த்தேன். ஆனால் முனை சாவதற்கு முந்திய மாதங்களின் பதிவும் பக்கத்தில் இருந்தது. அதனுடன் ஒப்பிட்டாலும் அதே வித்தியாசம். வயதான எஞ்சின் ஓர் இரவில் இளமையாகாது.

விடியற்காலை காந்தம் ஒன்றை எடுத்துக்கொண்டு போனேன். அலுமெல் காந்தத்தில் ஒட்டும். பச்சை வயரின் முனையில் வைத்தேன். ஒட்டவில்லை. சுரண்டிப் பார்த்தேன். மேலே வெள்ளிப் பூச்சு, உள்ளே செம்பு. நான் பூட்டியது சாதாரண மின்வயர்.

என்ன நடந்தது என்பதை விளக்க வேண்டும். வெப்பவிணையில் மின்னழுத்தம் முடிச்சில் மட்டும் பிறப்பதில்லை. சூடான முனையிலிருந்து குளிர்ந்த முனைவரை, வயர் நெடுகிலும், எங்கெல்லாம் சூடு மாறுகிறதோ அங்கெல்லாம் சிறிது சிறிதாகப் பிறக்கிறது. நடுவில் ஒரு துண்டு இரு பக்கமும் செம்பாக இருந்தால், அந்தத் துண்டின் பங்கு கணக்கில் வராது. எஞ்சின் அறையில் 80 பாகை, விமானியின் அறைப்பக்கம் 25 பாகை என்று வைத்துக்கொண்டால், இடையிலுள்ள 55 பாகை காணாமல் போகும். உண்மையில் 790 பாகையில் எரியும் எஞ்சின் மானியில் 735 என்று காட்டும். அது 738க்குக் கீழே, பச்சைக்குள்.

ஆறிய எஞ்சினில் நான் செய்த சோதனை ஏன் இதைப் பிடிக்கவில்லை? அப்போது செம்புத் துண்டின் இரண்டு முனைகளும் ஒரே சூட்டில் இருந்தன. சூட்டில் வித்தியாசம் இல்லாவிட்டால் பிழையும் இல்லை. எஞ்சின் ஓடிச் சூடாகும்போதுதான் பொய் தொடங்கும். அதாவது உண்மை மிகவும் தேவைப்படும் நேரத்தில் மட்டும் அது பொய் சொல்லும்.

காலை 6 மணிக்குத் தீயணைப்பாளர்கள் பைகளுடன் வந்து நின்றார்கள். ஹெலி இன்று போகாது என்று சொன்னேன். பொறுப்பாளரிடம் போய், வயரைப் பூட்டியது நான், சரிபார்க்காமல் கையெழுத்திட்டது நான் என்று எழுதிக் கொடுத்தேன். அதை எழுதிய பத்து நிமிடங்களைப்போல நீளமான நேரத்தை நான் வேலையில் கண்டதில்லை. அகதியாக வந்து, இரவுப் பள்ளியில் மொழி படித்து எடுத்த உரிமம் அந்தத் தாளின் ஓரத்தில் ஆடியது.

இரண்டு நாட்களின் எண்களோடு 55ஐக் கூட்டிப் பார்த்தபோது, சில பறப்புகளில் 738ஐத் தாண்டிய நேரம் அனுமதித்த 5 நிமிடங்களை மிஞ்சியிருந்தது. எஞ்சின் ஆய்வுக்குப் போனது. முதல் டர்பைன் சக்கரத்தை மீண்டும் பாவிக்க முடியாது என்று அறிக்கை வந்தது. என் வயரால் வந்த சூடு எவ்வளவு, முந்திய ஆண்டுகளின் சூடு எவ்வளவு என்று யாராலும் பிரித்துச் சொல்ல முடியவில்லை. உரிமம் தப்பியது. நானே கண்டுபிடித்து நானே சொன்னது அதற்கு ஒரு காரணம் என்று பொறுப்பாளர் சொன்னார். தட்டிலிருந்த எல்லாச் சுருள்களுக்கும் அன்றே பெயர் எழுதி ஒட்டினோம்.

கற்கிறவர்களுக்கு

ஊரில் இன்று பல பிள்ளைகள் மோட்டார் வேலையும் மின்வேலையும் படிக்கிறார்கள். எல்லோரும் உலங்குவானூர்தியைத் தொடப்போவதில்லை. ஆனால் வெப்பவிணை எல்லா இடத்திலும் இருக்கிறது. வெதுப்பகத்து மின் போறணையில், சூளையில், தீ அணைந்தால் தானாக வாயுவை அடைக்கும் காஸ் அடுப்பில் கூட. கடையில் கிடைக்கும் மலிவான மல்ரிமீற்றர் பலவற்றுடன் வரும் வெப்பநிலை வயரும் நான் சொன்ன அதே குறோமெல், அலுமெல் சோடிதான்.

அவர்களுக்கு மூன்று விடயங்கள் சொல்வேன். நிறத்தை நம்ப வேண்டாம், காந்தத்தால் பாருங்கள். ஆறிய நிலையில் சோதித்ததோடு நிற்க வேண்டாம், சூடாக ஓடவிட்டுப் பழைய பதிவோடு ஒப்பிடுங்கள். பழைய பதிவு இல்லையென்றால் இன்றைக்கே ஒரு கொப்பியில் எழுதத் தொடங்குங்கள்.

பெரியப்பாவிடம் தொலைபேசியில் இந்தக் கதையைச் சொன்னேன். அவருக்குக் குறோமெல், அலுமெல் ஒன்றும் தெரியாது. முழுதும் கேட்டுவிட்டு, "வளைக்கேக்கை கை சொன்னதுதானே?" என்றார். ஓம் என்றேன். வேறொன்றும் கேட்கவில்லை.

மானி கூடுதலாகக் காட்டினால் விமானி ஏசுவார், பொறுப்பாளர் கேள்வி கேட்பார், ஹெலி நிற்கும், எல்லோரும் காரணம் தேடுவார்கள். குறைவாகக் காட்டினால் ஒருவரும் ஒன்றும் கேட்கமாட்டார்கள். எல்லோருக்கும் சந்தோசம். அந்தச் சந்தோசத்துக்குள்தான் சக்கரம் நீண்டுகொண்டிருக்கும். அதனால் இப்போதெல்லாம் எதிர்பார்த்ததைவிட நல்ல எண் ஒன்று வந்தால், அதைத்தான் நான் முதலில் சந்தேகிக்கிறேன்.